நல்லா இழுக்குது சார்

கார்க்காரர் செய்த குற்றம் இவ்வளவுதான்: கேட்ட கேள்விக்குச் சந்தோஷமாகப் பதில் சொல்லிவிட்டார்.

வருடத்துக்கு ஒரு தடவை வாடகைக் கார்களையெல்லாம் வரிசையாக நிறுத்தி, முன்மூடியைத் திறந்து பார்த்து, டயரை ஓர் உதை உதைத்து, ஓடலாம் என்று முத்திரை குத்தி அனுப்புவது அந்த ஊர் வழக்கம். அன்றைக்குப் பரிசோதகர் நல்ல மனநிலையில் இருந்தார். என்ஜினுக்குள் எட்டிப் பார்த்தவர், "பிளக் புதுசு போலிருக்கே?" என்றார்.

"ஆமா சார். பழசெல்லாம் கரி பிடிச்சுத் தேஞ்சு போச்சு. மேட்டுல ஏறும்போது விக்கி விக்கி நின்னுடும். மச்சினன் மெக்கானிக். அவன்தான் வேற கம்பெனி பிளக் ஒரு செட் போட்டுக் குடுத்தான்."

"இப்ப எப்படி இருக்கு?"

"நல்லா இழுக்குது சார்."

பரிசோதகரின் முகம் மாறிவிட்டது. கையிலிருந்த முத்திரையைப் பையில் போட்டுக்கொண்டார். "முன்னைவிட நல்லாவா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"பழசை எடுத்துட்டுப் புதுசு போட்டா நல்லா இழுக்கத்தானே சார் செய்யும்."

"அதை நீங்க முடிவு பண்ணக் கூடாது. வேற செருகி போட்டதால என்ஜினோட திறன் கூடிப் போச்சுன்னு ஒரு குடிமகன் கோரியிருக்கார். அதைச் சரிபார்க்காம வண்டிய விட்டா என் வேலை போயிடும்."

"நான் ஒண்ணும் கோரலையே சார்."

"நல்லா இழுக்குதுன்னு சொன்னீங்கல்ல? அதுக்குப் பேர்தான் கோரிக்கை."

"அப்ப இழுக்கலைன்னு எழுதிக்கங்க."

"இழுக்காத வண்டிக்கு நான் எப்படி முத்திரை குத்த முடியும்?" என்று பரிசோதகர் கேட்டார். அன்றைக்கே வண்டியைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு தீப்பொறிச் செருகிச் செயல்திறன் ஆய்வு நிலையத்துக்குப் போய்விட்டார்கள். நீங்களும் நானும் பிளக் என்று சொல்லும் அந்தச் சாமானுக்குத்தான் அங்கே அப்படி ஒரு பேர்.

வீட்டில் மனைவிக்கு நிறைமாதம். ஆஸ்பத்திரி ஊரின் மறு கோடியில், ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம். அவர்கள் இருந்த சந்துக்குப் பேருந்து வராது. எப்போது வேண்டுமானாலும் வலி எடுக்கலாம், வண்டியைத் தயாராக வைத்திருங்கள் என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பியிருந்தார். புருஷன் நடந்து வருவதைப் பார்த்ததுமே அவள் வாசலுக்கு வந்துவிட்டாள்.

"வண்டி எங்க?"

"நிலையத்துல வச்சிருக்காங்க. பாத்துட்டுக் குடுத்துடுவாங்க."

"என்னத்தைப் பாக்கறாங்க?"

"பிளக் மாத்தினா வண்டி நல்லா இழுக்குமா இழுக்காதான்னு பாக்கறாங்க."

அவள் திண்ணையைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள். பிறகு, "அதைப் பாத்து முடிக்கிறதுக்குள்ள எனக்கு வலி வந்தா என்னை எதுல கூட்டிட்டுப் போவீங்க? முதுகுலயா?" என்றாள்.

மறுநாள் காலையிலேயே அவர் நிலையத்துக்குப் போனார். மூன்று மாடிக் கட்டடம். வேறு பிளக் போட்டால் என்ஜினின் திறன் கூடுமா கூடாதா என்ற ஒரே ஒரு கேள்விக்காகக் கட்டியது. கட்டிய நாளிலிருந்து அந்தக் கேள்விக்கு அங்கே பதில் கிடைக்கவில்லை. ஆனால் மாடி மட்டும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டே இருந்தது. வாசலில் நிலையத்தை ஆரம்பித்த மகானுக்கு ஒரு வெண்கலச் சிலை. கையில் ஒரு பிளக்கைப் பிடித்து, நாக்கை நீட்டி அதை நக்கிக்கொண்டிருக்கும் கோலம். உள்ளே போகிற ஊழியர் ஒவ்வொருவரும் அந்த வெண்கல நாக்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்கள். சிலையில் அந்த நாக்கு மட்டும்தான் பளபளவென்று இருந்தது. மற்ற இடமெல்லாம் புறா எச்சம்.

கண்காணிப்பாளர் என்று ஒருவர் முதல் மாடியில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு ஓயாத சளி. பேசும்போது ஒரு தடவை உறிஞ்சுவார், பேசி முடித்ததும் ஒரு தடவை உறிஞ்சுவார், நடுவில் கையிலிருக்கும் துணியில் என்னத்தையோ விட்டு அதை மடித்து மேஜைமேலேயே வைப்பார். அந்த மேஜைமேல்தான் கார்க்காரர் தன் இரு கைகளையும் ஊன்றிக்கொண்டு நின்றார். கவனித்ததும் எடுத்துக்கொண்டார்.

"சார், ஒரு சாவியப் போட்டுத் திருகினா தெரிஞ்சுடும். நானே ஓட்டிக் காட்டறேன். நீங்க பக்கத்துல உட்காந்து பாருங்க."

"ஓட்டறதா? எதுக்கு?" என்று கண்காணிப்பாளர் உண்மையிலேயே புரியாமல் கேட்டார்.

"இழுக்குதான்னு பாக்க."

"ஐயா, ஓட்டினா செருகி சூடாயிடும். சூடான செருகி நீங்க கொண்டுவந்த செருகி இல்ல. அது வேற செருகி. அப்புறம் நாங்க எதை வச்சு ஆராயறது?" ஓர் உறிஞ்சல். "அதுவும் இல்லாம, உங்க செருகி நாலையும் கழட்டி இயக்குநர் ரூம்ல இரும்புப் பெட்டகத்துல வச்சாச்சு. வண்டி பின்னால கொட்டகையில நிக்குது. ரெண்டும் ஒரே கூரைக்குக் கீழ இருக்கக் கூடாது."

"ஏன் சார்?"

"ஒண்ணுக்கொண்ணு சாதகமா நடந்துக்கும். அனுபவத்துல பாத்திருக்கோம்."

கார்க்காரர் வாழ்நாளில் பாதியை ஸ்டியரிங்குக்குப் பின்னால் கழித்தவர். பிளக் இல்லாத என்ஜினைப் பற்றியும் என்ஜின் இல்லாத பிளக்கைப் பற்றியும் அவர் அதுவரை யோசித்ததே இல்லை. "அப்ப எப்படித்தான் சார் கண்டுபிடிப்பீங்க?" என்று கேட்டார்.

கண்காணிப்பாளரின் முகத்தில் முதல்முறையாக ஒரு வெளிச்சம் தெரிந்தது. "அதுக்குத்தானே நாவாய்வு இருக்கு" என்றார்.

நாவாய்வைப் பற்றி எழுதுவதற்கே வாயைக் கொப்பளிக்க வேண்டும் போலிருக்கிறது. ஆனாலும் சொல்லாமல் தீராது. நிலையத்தை ஆரம்பித்த மகான் ஒரு நாள் ஏதோ ஒரு பிளக்கை நாக்கில் வைத்துப் பார்த்து, பெட்ரோல் கூடுதலாக எரிகிறது என்று சொன்னாராம். அது சரியாகவும் இருந்துவிட்டதாம். அன்றைக்குப் பிடித்த சனியன், இன்றுவரை விடவில்லை. அங்கே வரும் ஒவ்வொரு பிளக்கையும் அதிகாரிகள் பதவி வரிசையில் நக்கி மதிப்பெண் போட வேண்டும். முதலில் இயக்குநர், பிறகு துணை இயக்குநர்கள், பிறகு பிரிவுத் தலைவர்கள், கடைசியில் கண்காணிப்பாளர்கள். நடுவில் துடைக்கக் கூடாது. துடைத்தால் செருகியின் தன்மை மாறிவிடும் என்று விதி. எல்லோருக்கும் பிறகு, கோரிக்கை வைத்தவர்.

அன்றைக்கு மத்தியானமே பித்தளைத் தட்டில் வெல்வெட்டு விரித்து நான்கு பிளக்குகளையும் கொண்டுவந்தார்கள். எல்லோரும் எழுந்து நின்றார்கள். இயக்குநர் அப்போதுதான் சாப்பிட்டு முடித்திருந்தார். கையில் மெல்லிய எஃகுத் தகடு ஒன்று. பிளக்கின் இடைவெளியை அளக்கும் தகடு அது. நாட்டுக்கே அதுதான் மூல அளவு என்றும், மற்றத் தகடுகளையெல்லாம் அதோடு ஒத்துப் பார்த்துத்தான் செய்கிறார்கள் என்றும் சுவரில் எழுதி மாட்டியிருந்தது. இயக்குநர் அதை வைத்துப் பல் இடுக்கைக் குத்தி, வந்ததை ஒரு பார்வை பார்த்து, ஜன்னல் திரையில் துடைத்துவிட்டு, தகட்டைத் திரும்பவும் அதன் பெட்டியில் வைத்தார். பிறகு கண்ணை மூடி முதல் பிளக்கை எடுத்து நாக்கில் வைத்தார்.

"ம்" என்றார்.

"ம்" என்று எல்லோரும் எழுதிக்கொண்டார்கள்.

தட்டு நகர்ந்தது. ஒருவர் வெற்றிலை போட்டவர், ஒருவர் புகை பிடித்தவர், ஒருவருக்கு உதட்டோரத்தில் புண். எல்லோரும் கண்ணை மூடினார்கள், எல்லோரும் 'ம்' என்றார்கள். துணை இயக்குநர் ஒருவர் மட்டும் கொஞ்சம் தயங்கி, "பின்சுவை கொஞ்சம் முன்னேற்றமா இருக்கு" என்றார். அதற்காக அவரை ஒரு தனி அறிக்கை தரச் சொன்னார்கள். கடைசிக்கு முன்னால் கண்காணிப்பாளர். அவர் உறிஞ்சிவிட்டு நக்கினார், நக்கிவிட்டு உறிஞ்சினார்.

தட்டு கார்க்காரருக்கு முன்னால் வந்து நின்றது. பிளக் நனைந்து பளபளத்தது.

"நான் எதுக்கு சார்? எனக்கு இதெல்லாம் தெரியாதே."

"கோரியவர் மறுத்தால் கோரிக்கை நிலுவையில் வைக்கப்படும்" என்று யாரோ படித்தார்கள். நிலுவை என்றால் எவ்வளவு காலம் என்று அவர் கேட்டார். கொட்டகையில் நிற்கும் மற்ற வண்டிகளைப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்றார்கள். அவர் ஜன்னல் வழியாகவே பார்த்தார். சில வண்டிகளுக்குள்ளிருந்து செடி முளைத்துக் கதவு வழியாக வெளியே வந்திருந்தது.

வீட்டில் அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடக்கிற நடை ஞாபகம் வந்தது. கண்ணை மூடிக்கொண்டு நக்கினார். நான்கையும் நக்கினார். வெளியே ஓடிப்போய்ச் சுவரோரம் குனிந்து காலையில் சாப்பிட்டது அத்தனையும் எடுத்தார். திரும்பி வந்தபோது அவர் பெயருக்கு நேராக, 'கோரியவரிடம் வலுவான எதிர்வினை காணப்பட்டது' என்று எழுதி நல்ல மதிப்பெண் போட்டிருந்தார்கள்.

அதற்குப் பிறகு இயக்குநர் அவரைத் தன் அறைக்கு அழைத்து உட்கார வைத்தார். பெட்டகத்தில் சாய்ந்தபடி, சிநேகமாகவே பேசினார்.

"நீங்க பாக்க நல்ல மனுஷனா இருக்கீங்க. அதனால மனசு விட்டுச் சொல்றேன். எனக்கு முன்னால இருந்தவர் காலத்துல ஒரு பையன் இங்க வேலைக்கு வந்தான். வந்த முதல் மாசமே ஒரு அறிக்கை குடுத்தான். ஒரே வரி. 'தேஞ்ச செருகிய எடுத்துட்டு எந்த நல்ல செருகியப் போட்டாலும் வண்டி பழையபடி ஓடும், அதுக்கு மேல ஓடாது.' அவ்வளவுதான், முடிஞ்சு போச்சாம். இந்த மூணு மாடியும் ஒரு வரி மேல நிக்குமா, நீங்களே சொல்லுங்க?"

"அவர் சொன்னது சரிதானே சார்?"

"சரிதான். யாரு இல்லைன்னா? சரியா இருக்கறதுதான் அதுல உள்ள ஆபத்தே. கேள்விங்கறது கறவை மாடு மாதிரி. தினமும் தீவனம் வச்சுத் தடவிக் குடுத்துக் கறக்கணும். பதில் சொல்றவன் மாட்டை வெட்டறவன். அவன் ஒரு நாளைக்குக் கறி திம்பான், அப்புறம் இத்தனை குடும்பம் எதைக் குடிக்கும்? அந்தப் பையனை மாத்திட்டாங்க. இப்ப எங்கயோ கதவு திறந்து விடற வேலை பாக்கறான். கெட்டிக்காரப் பையன்."

தகட்டை எடுத்து நகத்துக்கு அடியில் விட்டுச் சுத்தம் செய்துகொண்டே தொடர்ந்தார். "வர்ற வாரம் எங்க ஆண்டு விழா. மேலிடத்துல இருந்து பெரியவர் வர்றார். இத்தனை வருஷத்துல ஒரு முன்னேற்றமாவது காட்டுங்கன்னு கேட்டிருக்கார். உங்க வண்டியத்தான் காட்டப் போறோம். பெரியவர் ஏறி ஒரு சுத்து வருவார். அப்புறம் உங்களைக் கேப்பாங்க, மாற்றம் தெரியுதான்னு. தெரியுதுன்னு சொல்லுங்க. அங்கயே சாவியக் குடுத்துடறேன்."

"சொல்லலைன்னா?"

"நாவாய்வு இன்னொரு தடவை நடத்தணும்" என்றார் இயக்குநர், வருத்தமாகவே.

விழா நாளில் முற்றம் முழுக்கத் தோரணம் கட்டியிருந்தார்கள். கார்க்காரரின் வண்டியைக் கழுவித் துடைத்து நடுவில் நிறுத்தியிருந்தார்கள். துணைக்கு வந்திருந்த மச்சினன் முன்மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு அவர் காதோடு சொன்னான்: "மாமா, பிளக்கே இல்ல. நாலு ஓட்டைதான் இருக்கு."

"பெட்டகத்துல இருக்குடா."

"அப்ப எப்படிப் போகும்?"

அதற்குள் மேளம் அடித்தார்கள். பெரியவர் பின் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். கதவைச் சாத்தினார்கள். கீழ்நிலை ஊழியர்கள் ஒரு கூட்டமாக வந்து வண்டியின் பின்னால் கை வைத்து, மூச்சைப் பிடித்துத் தள்ளினார்கள். வண்டி நகர்ந்தது. முற்றத்தை ஒரு சுற்றுச் சுற்றியது. தள்ளுகிறவர்கள் பெரியவரின் பார்வையில் படாதபடி கண்காணிப்பாளர் பின்கண்ணாடிக்கு ஒரு மாலை போட்டிருந்தார். இடையில் ஒருவர் விழுந்துவிட்டார். அவரை ஓரமாக இழுத்துப் போட்டுவிட்டு இன்னொருவரைச் சேர்த்துக்கொண்டார்கள்.

இறங்கிய பெரியவரின் கண்கள் கலங்கியிருந்தன. மேடையில் ஏறி, ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு பேசினார்.

"நான் எத்தனையோ தேசம் போயிருக்கேன். எத்தனையோ வண்டியில ஏறியிருக்கேன். இந்த மாதிரி ஒரு வண்டியப் பாத்ததில்ல. ஒரு அதிர்வு உண்டா? ஒரு சத்தம் உண்டா? புகை உண்டா? நான் முள்ளையே பாத்துட்டு இருந்தேன், ஒரு சொட்டுப் பெட்ரோல் செலவாகல. இதையெல்லாம் செஞ்ச அந்தச் செருகி எங்க இருக்குன்னு கேட்டேன். பெட்டகத்துலன்னாங்க. பெட்டகத்துல இருக்கும்போதே இவ்வளவு வேலை செய்யுதுன்னா, அந்தச் செருகியோட தரம் எப்படிப்பட்டதுன்னு நினைச்சுப் பாருங்க."

கைதட்டல் நிற்க வெகு நேரம் ஆனது. மச்சினனும் தட்டினான். கார்க்காரர் அவனை முறைத்தார். "எல்லாரும் தட்டறாங்களே மாமா" என்றான்.

பிறகு கார்க்காரரை மேடையில் ஏற்றினார்கள். ஒலிபெருக்கி அவர் வாய்க்கு முன்னால் வந்தது. இயக்குநர் பக்கத்தில் நின்றார். சாவி அவர் விரலில் தொங்கிக்கொண்டிருந்தது.

"சொல்லுங்க. நாளைக்கு நாடு முழுக்க இந்த முறை வந்தா, ஜனங்களுக்கு நல்லதா? வண்டியில மாற்றம் தெரியுதா?" என்று பெரியவர் கேட்டார்.

பின்வரிசையில் யாரோ கொட்டாவி விட்டார்கள். இல்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். அந்த ஒரு நொடிக்குள் பித்தளைத் தட்டும் ஈரப் பிளக்கும் கண்ணுக்கு முன்னால் வந்து போயின. வீட்டுக்காரியும் வந்து போனாள்.

"ஆமா சார்" என்றார் கார்க்காரர். "நல்ல மாற்றம்."

சாவி கைக்கு வந்தது. கண்ணாடிச் சட்டம் போட்ட நற்சான்று ஒன்றும் வந்தது. பிளக்கைக் கேட்டதற்கு இயக்குநர் சிரித்தார். "அதை வெளிய எடுத்தா திறன் குறைஞ்சு போகுமே" என்றார். மாமனும் மச்சினனும் வண்டியை வீடுவரைக்கும் தள்ளிக்கொண்டு போனார்கள். நாளைக்குக் காலையில் கடையில் ஒரு செட் வாங்கி மாட்டிவிட்டால் தொல்லை தீர்ந்தது என்று கார்க்காரர் வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தார்.

வாசலில் வண்டியைப் பார்த்ததும் மனைவி சிரித்தாள். அந்த வாரத்தில் அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. "எப்படிக் குடுத்தாங்க?" என்று கேட்டாள்.

"கேட்டேன், குடுத்துட்டாங்க."

"வேற ஒண்ணும் கேக்கலையா?"

"இல்ல" என்றார். மச்சினன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு தண்ணீர் குடிக்க உள்ளே போய்விட்டான்.

மறுநாள் காலையில் கடைக்குப் போனபோது கடைக்காரர் தட்டுகளைக் காலி செய்துகொண்டிருந்தார். வாசலில் ஒரு கைவண்டி நின்றது, அதில் மூட்டை மூட்டையாகப் பிளக். ஓர் உபயோகமான காரியத்துக்குப் பத்து வருஷம் எடுத்துக்கொள்ளும் ஆட்கள், இதற்கு ஒரு ராத்திரிகூட எடுத்துக்கொள்ளவில்லை. எல்லா வண்டிகளின் செருகிகளையும் கழற்றி நிலையத்தின் பாதுகாப்பில் வைக்க வேண்டும் என்று உத்தரவு வந்துவிட்டது. பயனாளியே மேடையில் ஒப்புக்கொண்டார் என்பது அந்த உத்தரவின் இரண்டாவது பத்தி. ஆம்புலன்ஸுக்காவது விதிவிலக்கு உண்டா என்று யாரோ கேட்டதற்கு, உயிர் காக்கிற வண்டிக்கு அல்லவா உயர்ந்த திறன் முதலில் வேண்டும் என்று இயக்குநர் பேட்டி கொடுத்திருந்தார்.

அன்றையிலிருந்து ஊரே தள்ள ஆரம்பித்தது. லாரியைத் தள்ளினார்கள், பேருந்தைத் தள்ளினார்கள். தீயணைப்பு வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது அணைக்க ஒன்றும் மிச்சமில்லை. ஜனங்கள் வாயைத் திறக்கவில்லை என்பதுதான் இதில் குமட்டுகிற சங்கதி. முதல் நாள் முணுமுணுத்தார்கள், இரண்டாம் நாள் தோளில் வைத்துக்கொள்ளத் துண்டு எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். புகை இல்லாததால் இருமல் குறைந்திருக்கிறது என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறவர்கள்கூட இருந்தார்கள். மச்சினன் பட்டறையை மூடிவிட்டுத் தள்ளுநர் வேலையில் சேர்ந்தான். காக்கிச் சட்டை, விசில், வருடத்துக்கு இரண்டு ஜோடி செருப்பு.

"நிரந்தர வேலை மாமா" என்றான். "நம்ம வீட்டாலதான் இந்த வேலையே வந்துச்சு. உங்களை மறக்க மாட்டேன்."

"உங்க அக்காகிட்ட ஒண்ணும் உளறித் தொலைக்காதே" என்றார் கார்க்காரர்.

வலி ஒரு மத்தியான நேரத்தில் வந்தது. வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு, "ஏங்க" என்றாள். வாசலில் நின்ற வண்டியை இருவரும் ஒரு முறை பார்த்தார்கள். அதை ஒற்றை ஆளாகப் பாலம் ஏற்ற முடியாது. ஆம்புலன்ஸுக்குச் சொல்லி அனுப்பினார்.

காத்திருந்து காத்திருந்து அவர் சந்து முனைக்கும் வீட்டுக்கும் நடந்த நடையில் செருப்பு அறுந்தது. கடைசியில் ஆம்புலன்ஸ் வந்தது. சங்கு ஊதவில்லை. ஊதினால் நிலையம் வண்டிக்குப் போடும் அமைதி மதிப்பெண் போய்விடும். ஆறு பேர் தள்ளிக்கொண்டு வந்தார்கள், அதில் ஒருவன் மச்சினன். அக்காவைப் பார்த்ததும் அவன் முகம் வெளுத்துவிட்டது. அவளைத் தூக்கி உள்ளே படுக்க வைத்தார்கள். டாக்டருக்குப் பதிலாக உள்ளே, மதிப்பெண் குறிக்க நிலையம் அனுப்பிய பதிவாளர் ஒருவர் இருந்தார். டாக்டர் கனம் என்று எடுத்துவிட்டார்களாம்.

சமதரையில் பிரச்சினை இல்லை. வண்டி ஊர்ந்துகொண்டு போனது. பாலத்தின் ஏற்றம் வந்ததும் நின்றுவிட்டது. தள்ளுநர்களில் இருவர் தரையில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார்கள். கார்க்காரர் அவர்களை விலக்கிவிட்டுத் தன் தோளைக் கொடுத்தார். பக்கத்தில் மச்சினன். முன்னாலும் பின்னாலும் தள்ளுகிற வண்டிகள் பாலம் முழுக்க அடைத்துக்கொண்டிருந்தன.

உள்ளே அவள் அலறினாள்.

"சத்தம் போடாதீங்கம்மா" என்றது பதிவாளரின் குரல். "ஒவ்வொரு சத்தமும் பதிவாகுது. வண்டிக்குத்தான் கெட்ட பேரு."

பின்கதவில் ஒரு சின்னக் கண்ணாடி இருந்தது. அதன் வழியாக அவள் முகம் தலைகீழாகத் தெரிந்தது. முடியெல்லாம் நெற்றியில் ஒட்டியிருந்தது. தலையைத் திருப்பித் தேடி, புருஷனைக் கண்டுபிடித்து, அவரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"யாரோ ஒருத்தன் மேடையில ஏறி இது நல்லதுன்னு சொன்னானாமே. அவன் பொண்டாட்டி பிள்ளை இல்லாதவனா? யாருங்க அவன்? உங்களுக்குத் தெரியுமா?"

மச்சினன் தலையைக் குனிந்துகொண்டான். வண்டி பின்னோக்கி வழுக்கியது. எல்லோரும் பல்லைக் கடித்துக்கொண்டு அதைத் தாங்கினார்கள். கார்க்காரரின் வெறுங்கால் தாரில் பொசுங்கியது.

"தெரியாதும்மா" என்றார். "நீ பேசாதே. மூச்சை நல்லா இழுத்து விடு."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அவர் தோளைக் கதவில் அழுத்தி, கண்ணாடிப் பக்கம் பார்க்காமல், தள்ளினார்.